ஊசியக்கா நின்ற வெள்ளிக்கிழமைகள்

கப்பல் கட்டும் யார்டின் மூன்றாம் நம்பர் கேட்டுக்கு எதிரே, டீக்கடைக்கும் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஒரு தையல் கடை இருக்கிறது. உள்ளே ஒருவர் திரும்ப வேண்டுமென்றால் இன்னொருவர் வெளியே போக வேண்டும், அவ்வளவுதான் இடம். புதுத்துணி தைக்கிற கடை இல்லை. கிழிந்ததைத் தைப்பது, நீளம் குறைப்பது, இடுப்பைப் பிரித்துவிடுவது, ஜிப் மாற்றுவது, இதுதான் தொழில். யார்டில் வேலை செய்கிறவர்களின் நீல ஓவரால் எல்லாமே என்றைக்காவது ஒருநாள் அங்கே வந்துதான் ஆக வேண்டும். துணியைத் தூக்கிப் பிடித்தாலே அது எந்தப் பிரிவு என்று கடைக்காரம்மா சொல்லிவிடுவாள். முழங்காலில் தேய்ந்திருந்தால் வெல்டர். நெஞ்சில் பொடிப்பொடியாக ஓட்டை விழுந்திருந்தால் தகடு வெட்டுகிற ஆள். பெயிண்டரின் துணி என்றால் ஊசியே இறங்காது. உட்காரும் இடத்தில் தேய்ந்து வந்தால் சூப்பர்வைசர். "இந்த ஓட்டை வேலை செஞ்சு விழுந்ததில்லையே சார்" என்று அவர்கள் முகத்துக்கு நேரேயே சொல்லுவாள்.

அவளுக்கு ஊசியக்கா என்று பெயர் வைத்தவர்கள் யார்டுக்காரர்கள்தான். கைக்காக வைத்தார்களா வாய்க்காக வைத்தார்களா என்று யாராவது கேட்டால், "ரெண்டுக்கும் சேர்த்து ஒரே பேரா வச்சுட்டாங்க, சிக்கனக்காரங்க" என்பாள்.

இந்த ஊசியக்காவை ஒரு மனிதர் நட்டாற்றில் விட்டுவிட்டுப் போனார். அந்த மனிதர் கெட்டவராக இருந்திருந்தால் இதைச் சொல்லவே வேண்டியதில்லை. கெட்டவர் ஏமாற்றினால் நாலு வசவு, ஒரு வாரம் தூக்கம் கெடுவது என்று போய்விடும். இவர் நல்லவர். அதனால்தான் அவளுக்கு இன்றுவரை வயிறு எரிகிறது.

அவளுடைய அம்மா சபை ஆலயத்தில் தரை துடைக்கும் வேலை செய்தவள். அம்மா வாளியோடு வரிசை வரிசையாக நகர, குழந்தை பெஞ்சுகளுக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்தது. படித்தது சபைப் பள்ளிக்கூடத்தில். தைக்கப் பழகியது ஆலயத்துக்குப் பின்னாலிருந்த தையல் வகுப்பில். கல்யாணமும் அங்கேதான். மாப்பிள்ளை யார்டில் வெல்டர், அதே சபைக்காரர், அதிகம் பேசாதவர். "பேசற வேலையை நீ பார்த்துக்கோ" என்று முதல் வாரத்திலேயே பொறுப்பை ஒப்படைத்துவிட்டார். சபையை நம்புகிறாயா என்று அந்தக் காலத்தில் அவளைக் கேட்டிருந்தால் கேள்வியே புரிந்திருக்காது. வீட்டுச் சுவரில் சாய்கிறவர்கள் நம்பித்தானா சாய்கிறார்கள்?

வெல்டர் என்றால் ஏதோ இரும்பை இரும்போடு ஒட்டுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் செய்தது நீர்மூழ்கிக் கப்பலின் வெளி உடம்பு. ஆழ்கடலில் தண்ணீர் நாலா பக்கமும் அழுத்தும்போது பிளந்துவிடாமல் நிற்க வேண்டிய இணைப்பு. ஒவ்வொரு இணைப்பையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். உள்ளே கடுகளவு காற்றுக் குமிழ் இருந்தாலும் குடைந்து எடுத்துவிட்டு முதலிலிருந்து போடச் சொல்வார்கள். அவர் போட்டது திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. வீட்டில் வந்து பீற்றிக்கொள்கிற ஆள் இல்லை அவர். எக்ஸ்ரே தேறிய நாளில் மட்டும் இன்னொரு டம்ளர் டீ கேட்பார். அவள் புரிந்துகொள்வாள்.

அந்தக் கப்பல்களுக்குள் என்ன ஏற்றுகிறார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். 'பெரிய ஆர்டர்' என்பார்கள், 'முக்கியமான சாமான்' என்பார்கள். அணுகுண்டு என்ற வார்த்தை மட்டும் யார் வாயிலும் வராது. ஒரு பட்டனை அழுத்தினால் ஊர் ஊராகச் சாம்பலாக்குகிற பொருள், வாயில் வராததாலேயே இல்லாமல் போய்விட்டது போல எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். ஊசியக்காவும் அப்படித்தான் இருந்தாள்.

அப்போதுதான் அந்தப் போதகர் மாற்றலாகி வந்தார். ஒல்லியான ஆள், பழைய ஸ்கூட்டர், தோளில் தொங்கிப்போன அங்கி. வந்த முதல் வாரமே அங்கியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து, "எனக்கு முன்னாடி இருந்தவர் குண்டுபோல, இதுக்குள்ள நான் தொலைஞ்சு போறேம்மா" என்றார். சிரிக்க வைக்கிற போதகரை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. பக்கவாட்டில் பிடித்து, தோளை ஏற்றி, புது ஆளாக்கி அனுப்பினாள்.

குண்டு விழுந்த ஜப்பான் நகரங்களை நினைக்கும் வாரத்தில் அவர் ஒரு பிரசங்கம் செய்தார். அதற்குமுன் அந்த ஆலயத்தில் யாரும் தொடாத விஷயம்.

"ஹிரோஷிமாவுக்குக் குண்டைக் கொண்டுபோன விமானம் கிளம்பறதுக்கு முன்னாடி, அதுல போறவங்களுக்காக ஒரு போதகர் ஜெபம் பண்ணினார்" என்றார். "நல்ல மனுஷனாத்தான் இருந்திருப்பார். நம்ம பிள்ளைங்க பத்திரமாத் திரும்பி வரணும்னு கேட்டார். பத்திரமாத் திரும்பியும் வந்தாங்க. கீழே இருந்த ஊர்தான் இல்லாம போச்சு. சபையாரே, அந்த மாதிரி ஒரு ஜெபத்தைப் பண்ற வாய் என் வாயா இருக்கக் கூடாதுன்னு நான் தினமும் முழங்கால்ல நிக்கறேன்."

பல நாட்டுச் சபைகள் கூடி, இந்த ஆயுதத்தைப் போடுவது மட்டுமல்ல, செய்வதும் வைத்திருப்பதும்கூடக் குற்றம் என்று அறிவித்திருப்பதையும் சொன்னார். "அறிவிப்பு வேற ஊர்ல இருக்கு. கப்பல் நம்ம ஊர்ல இருக்கு" என்றார். ஆலயத்தில் மூச்சுச் சத்தம் கேட்டது. பாதிப்பேர் யார்டில் வேலை செய்கிறவர்கள். ஊசியக்கா தன் பக்கத்தில் இருந்த வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை. அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து கேட் வாசலில் நிற்பது ஆரம்பமானது. சட்டம் போட்டவர் போதகர். கோஷம் கிடையாது, அட்டை கிடையாது. ஆலயத்துக்கு உடுத்துகிற உடுப்போடு வர வேண்டும். அவர் அங்கியோடு வருவார். கையில் ஒன்றும் இருக்கக் கூடாது. ஷிஃப்ட் விட்டு வெளியே வருகிற ஒவ்வொருவர் முகத்தையும் கோபமில்லாமல் பார்க்க வேண்டும். கேட்டைச் சாத்தும்வரை வாயைத் திறக்கவே கூடாது. "பேசினா சண்டை வரும். வீட்டுக்குப் போய் நம்மளைத் திட்டுவாங்க. பேசலைன்னா வீட்டுக்குப் போய் யோசிப்பாங்க" என்றார்.

ஊசியக்கா முதல் வரிசையில் போய் நின்றாள். பேசாமல் நின்றாள் என்பதை டீக்கடைக்காரரால் நம்பவே முடியவில்லை. "வாரத்துல ஒருநாள் இந்தத் தெருவுக்கு விடுதலை" என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

வெல்டர் வெளியே வந்தார். கூட வந்தவர்கள், "வீட்டுல இன்னிக்கு சமைக்கலைன்னு சொல்ல வந்திருக்காங்க போல" என்று அவர் முதுகில் தட்டினார்கள். அவர் சைக்கிள் செயினைக் குனிந்து பார்த்தார், அதில் ஏதோ கோளாறு இருப்பதுபோல. அவள் சட்டப்படி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை.

"என் மூஞ்சியைத்தான் வீட்டுலயே பார்க்கறியே, அங்க வேற வந்து பார்க்கணுமா?" என்று வீட்டில் கேட்டார்.

"அங்க வேற மூஞ்சியா இருக்குங்க."

"நான் வெல்ட் பண்ணலைன்னா இன்னொருத்தன் பண்ணப்போறான். கப்பல் நின்னுடுமா?"

இதற்கு அவளிடம் பதில் இல்லை. ஊசியக்காவிடமே பதில் இல்லை என்றால் அது நல்ல கேள்வி என்றுதான் அர்த்தம். கேள்வியை அப்படியே கொண்டுபோய்ப் போதகரிடம் கொடுத்தாள். அவர் ஆள் அனுப்பிக் கூப்பிடவில்லை, தானே வந்தார். சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் குடித்து, கடைசியில் சொன்னார்: "அந்த இன்னொருத்தன் பண்ணட்டுங்க. அந்த இன்னொருத்தனா நீங்க இருக்க வேண்டாம்."

பிறகு வெல்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பொறி பட்ட தழும்புகள் நிறைந்த கைகள். கண்ணை மூடி ஜெபித்தார். "இந்தக் கைக்கு சபை பொறுப்பு. உங்களைத் தனியா விட மாட்டோம். நான் விட மாட்டேன்" என்றார். அந்த 'நான்' என்ற வார்த்தைதான் வெல்டரைச் சாய்த்தது. சபை என்றால் கூரையும் சுவரும். நான் என்று சொன்னவர் எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிற மனிதர்.

இருந்தாலும் உடனே விட்டுவிடவில்லை. எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் அவள் நின்றாள், அவர் செயினைப் பார்த்தார். இரண்டு பேருமே வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தவர், ஹெல்மெட்டையும் முகக்கவசத்தையும் கேட்டிலேயே ஒப்படைத்துவிட்டு, நேராக அவள் எதிரே வந்து நின்று அவளைப் பார்த்தார். அவள் சட்டத்தை மீறவில்லை. வாயைத் திறக்காமலே அழுதாள்.

அதன்பிறகு ஜன்னலுக்குக் கம்பி அடிக்கிற ஒரு பட்டறையில் சேர்ந்தார். சன்னக் கம்பி, இரண்டு பொட்டு வைத்தால் வேலை முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். "ஜன்னல் கம்பிக்கு யாரும் எக்ஸ்ரே எடுக்கறதில்லை" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். இரண்டாவது டம்ளர் டீ கேட்பது நின்றுபோனது. சபையில் அவரை முன்னால் நிறுத்தினார்கள். மாநாடு மாநாடாகப் போதகர் கூட்டிக்கொண்டு போனார். "உலகத்துல எவ்வளவு ஆயுதம் குறைஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியாது. எங்க சபையில ஒரு ஜோடி கை குறைஞ்சிருக்கு" என்பார். கைதட்டல் கூரையைப் பிய்க்கும். வெல்டர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஊசியக்காவுக்குப் பெருமை தாங்காது. யார்டில் பாதிப்பேர் அவள் கடைக்குத் துணி கொடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். அதைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை. "கிழிஞ்சதோட திரியட்டும், காத்தோட்டமா இருக்கும்" என்றாள்.

காற்று எப்போது திசை மாறியது என்று சரியாகச் சொல்ல முடியாது. யார்டுக்கு அடுத்த பெரிய ஆர்டர் வந்தது. புது மேனேஜர் குடும்பத்தோடு சபையில் சேர்ந்து முன்பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார். பேராயர் மாறினார். சபைக் கமிட்டிச் செயலாளர் ஒருவர் உண்டு; யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவர் என்பதால் ஊசியக்கா அவருக்கு 'ஆமென்' என்று பெயர் வைத்திருந்தாள். முன்பு போதகர் சொன்னதற்குத் தலையாட்டிய ஆமென், இப்போது முன்பெஞ்சைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பொது ஜெபத்தை வாசிப்பது ஊசியக்காவின் வேலை. 'அணு ஆயுதங்களைப் பூமியிலிருந்து அகற்றும் ஆண்டவரே, அவற்றைச் செய்கிற கைகளை விடுதலையாக்கும்' என்று ஒரு வரி அதில் வரும். அந்தக் கைகளில் இரண்டு நாலாவது பெஞ்சில் இருப்பதால் அந்த இடத்தில் அவள் குரல் கொஞ்சம் ஏறும். ஒரு ஞாயிறு புதிதாக அச்சடித்த தாளைக் கொடுத்தார்கள். வரியைக் காணோம். அந்த இடத்தில் 'உலக சமாதானத்துக்காகவும் தலைவர்களின் ஞானத்துக்காகவும்' என்று பூசி மெழுகியிருந்தது. அவள் தாளை மடித்து வைத்துவிட்டு, மனப்பாடமாகப் பழைய வரியையே சொன்னாள்.

ஆராதனை முடிந்ததும் ஆமென் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "சமாதானம்னா எல்லாம் அதுக்குள்ள அடங்கிடுதேம்மா. தனியா எதுக்குப் பேர் சொல்லணும்?"

"உங்க வீட்டுல எலி வந்தா, கடையில போய்ப் பொதுவா ஏதாவது மருந்து குடுங்கன்னா கேப்பீங்க? எலின்னு சொல்லித்தானே கேப்பீங்க?" என்றாள்.

ஆமெனின் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த ஞாயிறு வாசிக்க வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அவள் போதகரிடம் போனாள். அவர் முகம் வாடியிருந்தது. "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. உள்ள இருந்துதான் மாத்த முடியும். எல்லாரையும் பகைச்சுக்கிட்டா நாளைக்கு யார்கிட்டப் பேசறது?" என்றார். சரி, நம்மைவிட அவருக்குத் தெரியும் என்று வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டமும் கரைந்துவிட்டது. கடைசியில் ஊசியக்கா, ஓய்வுபெற்ற டீச்சர், ஒரு தபால்காரர், மூன்றே பேர். போதகருக்கு இடுப்பு வலி. அதிக நேரம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஊசியக்கா தைலம் வாங்கிக் கொடுத்தனுப்பினாள்.

"வெள்ளிக்கிழமைல மட்டும் வலிக்கற இடுப்பை நான் ஸ்கூல்லயே நிறையப் பார்த்திருக்கேன்" என்றார் டீச்சர்.

"ஐயாவைப் பத்தி அப்படிப் பேசாதீங்க டீச்சர்" என்று ஊசியக்கா சண்டைக்குப் போனாள். டீச்சரிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நினைத்தால் இப்போதும் அவளுக்கு வெட்கமாக இருக்கிறது.

புதுக் கப்பலைத் தண்ணீரில் இறக்கும் நாள் நெருங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை. பெரிய பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று கேட்டுக்கு வர்ணம் பூசினார்கள், தெருவைக் கழுவினார்கள். அந்த வாரம் போதகர் அங்கியோடு கடைக்கு வந்தார். வெகுநாள் கழித்து வருகிறார். கழுத்துப் பட்டை நைந்திருந்தது, கீழ் மடிப்பு தொங்கியது, பொத்தான்கள் ஆளுக்கொரு நிறம்.

"வெள்ளிக்கிழமை போட்டுக்கணும்மா. முடியுமா?"

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அங்கி என்றால் அவளுக்கு ஒரே அர்த்தம்தான். கப்பல் இறங்குகிற நாளில் நிற்காமல் வேறு என்றைக்கு நிற்பது? "முடியுமாவாவது! இடுப்பு எப்படி இருக்கு ஐயா?" என்று கேட்டாள்.

"பரவாயில்லைம்மா" என்றார். கடையின் சின்னக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவளும் வேறு ஒன்றும் கேட்கவில்லை. எவனாவது சூப்பர்வைசர் கொண்டுவந்திருந்தால் எதற்கு, எங்கே, யார் கல்யாணம் என்று குடைந்திருப்பாள். போதகர் அங்கிக்குக் கேள்வி கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

பட்டையைப் பிரித்து நல்ல பக்கத்தை வெளியே திருப்பித் தைத்தாள். பொத்தான் அத்தனையும் புதிது. மடிப்பைக் கையாலேயே தைத்தாள், மெஷின் தையல் வெளியே தெரியும் என்று. வீட்டுக்குப் போய் வெல்டரிடம், "ஐயா திரும்ப வர்றாருங்க. வெள்ளிக்கிழமை நீங்களும் வந்து நில்லுங்களேன்" என்றாள்.

வேலையை விட்ட நாளிலிருந்து வெல்டர் அந்தத் தெருப்பக்கமே போனதில்லை. "கூட வேலை பார்த்தவங்களை எதிர்ல நின்னு பார்க்க என்னால ஆகாது" என்றே சொல்லிவந்தார். அன்றைக்கு மட்டும், "அவர் பக்கத்துல நின்னா நிக்கறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஆலயத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். டீச்சர் இருந்தார், தபால்காரர் இருந்தார். போதகருக்காகத் தங்களுக்கு நடுவில் ஓர் இடம் விட்டு நின்றார்கள். கார்கள் வரிசையாக உள்ளே போயின. மேனேஜரின் கார் கேட்டில் ஒரு நிமிடம் நின்றது. பின்சீட்டில் ஒரு வெள்ளைக் கழுத்துப் பட்டையை ஊசியக்கா பார்த்தாள். அவளுக்கு ஆள் தெரிவதற்கு முன்னால் தையல் தெரிந்துவிட்டது. பிறகுதான் ஆளைப் பார்த்தாள். அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் உள்ளே போய்விட்டது.

"யாரையாவது தடுக்கப் போறாரோ உள்ள?" என்று தபால்காரர் சட்டத்தை மறந்து கேட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் பாண்டு வாத்தியம் கேட்டது. யார் யாரோ பேசினார்கள். அப்புறம் ஒலிபெருக்கியில் அந்தக் குரல் வந்தது. பிரசங்கம் செய்த அதே குரல், சமையலறையில் ஜெபித்த அதே குரல். "ஆண்டவரே, இந்தக் கப்பலில் போகிற பிள்ளைகளை உம்முடைய உள்ளங்கையில் ஏந்தியருளும். அவர்கள் பத்திரமாகத் திரும்பி வரச் செய்யும்." பெரிய ஆமென் ஒன்று எழுந்தது. பிறகு சங்கு, கைதட்டல், தண்ணீர் பிளக்கிற சத்தம்.

டீச்சர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். தபால்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போய்விட்டார். ஊசியக்காவுக்கு, பொத்தான் பொத்தானாகத் தானே தைத்து, தயார் செய்து, அனுப்பி வைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது விரல் நுனியெல்லாம் கூசியது. வெல்டர் மட்டும் அசையவில்லை. நடுவில் விட்டிருந்த இடம் அப்படியே காலியாக இருந்தது.

ஷிஃப்ட் விட்டது. பழைய கூட்டாளிகள் வெளியே வந்தார்கள். ஒருவர் நின்று, கிண்டலுக்கு இல்லை, உண்மையாகவே புரியாமல், "என்னப்பா இது, உங்க ஐயா உள்ள இருக்கார், நீ வெளியே நிக்கற?" என்று கேட்டார். அது கிண்டலாக இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

மேனேஜரின் கார் வெளியே வந்து சற்றுத் தள்ளி நின்றது. போதகர் இறங்கினார். ஒளிந்துகொண்டு போய்விடவில்லை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நடந்து வந்து அவர்கள் எதிரே நின்றார்.

"நான் முதல்லயே சொல்லியிருக்கணும்" என்றார். "கப்பலுக்கு ஜெபம் பண்ணலைம்மா. அதுல போற பிள்ளைங்களுக்காகத்தான் பண்ணினேன்."

ஊசியக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். கேட் இன்னும் சாத்தவில்லை. வாயைத் திறக்கவில்லை.

"பேராயர் சொல்லிட்டார். சபை ரெண்டா உடையற நிலைமை. திட்டறதா இருந்தாத் திட்டும்மா, ஏதாவது பேசு."

அவள் பேசவில்லை. அவளிடம் இருந்த வசவுகளுக்கு ஒரு வாரம் போதாது. எல்லாவற்றையும் பல்லுக்குள் வைத்துக்கொண்டு, அவர் கற்றுக்கொடுத்தபடியே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமில்லாமல் பார்க்க மட்டும் முடியவில்லை.

போதகர் வெல்டர் பக்கம் திரும்பினார். "நான் போகலைன்னா வேற ஒருத்தரை அனுப்பியிருப்பாங்க. நீங்களாவது புரிஞ்சுக்கோங்க."

வெல்டர் தன் கைகளைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "அந்த வேற ஒருத்தர் போகட்டும்னு விட்டிருக்கலாமே ஐயா. அந்த ஒருத்தரா நீங்க இருக்க வேண்டாமே" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. சமையலறையில் தனக்குச் சொன்னதைத் திருப்பி வைத்தார், அவ்வளவுதான்.

கார் ஹாரன் அடித்தது. போதகர் காரில் ஏறிப் போனார்.

திங்கட்கிழமை வெல்டர் யார்டுக்குப் போய் வேலை கேட்டார். அப்படிப்பட்ட கையை யார் வேண்டாம் என்பார்கள்? அன்றே சேர்த்துக்கொண்டார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னார். ஊசியக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது, கதவருகிலேயே நின்றார்.

"உன் மேல எனக்குக் கோபமில்லை" என்றார். "நீ சொன்னேன்னு நான் விட்டேன். அவர் சொன்னார்னு நீ சொன்னே. அவருக்கு யார் சொன்னாங்கன்னு இப்பத் தெரியலை. எனக்குத் தெரிஞ்சது அந்த வேலை ஒண்ணுதான்."

என்ன சொல்வாள்? தானே அவரைக் கைப்பிடித்து வெளியே கூட்டிவந்தாள். வெளியே வந்து பார்த்தால் கூட்டிவரச் சொன்னவர் உள்ளே இருக்கிறார். ஊரையே வாயால் தைக்கிறவள், தன் புருஷனிடம் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்ல உரிமை இல்லாதவளாக நின்றாள். பெட்டியிலிருந்து பழைய ஓவராலை எடுத்தாள். அவருக்கு உடம்பு கொஞ்சம் பருத்திருந்ததால் இடுப்பைப் பிரித்துவிட்டாள். முழங்கால் இரண்டும் நைந்திருந்தன, வெல்டர் துணி. உள்ளே இரட்டைத் துணி கொடுத்து ஒட்டுப் போட்டாள்.

போதகருக்குப் பெரிய ஊரில் பெரிய ஆலயம் கிடைத்தது. போகிற அன்று கடை வாசலில் ஸ்கூட்டர் கொஞ்சநேரம் நின்றது. அவள் மெஷினை நிறுத்தவில்லை. ஆலயத்துக்கு அவள் இன்றும் போகிறாள். கடைசிப் பெஞ்சில் உட்காருகிறாள். பொது ஜெபத்தில் உலக சமாதானம் வரும்போது எல்லோரும் சொல்கிற ஆமெனை அவள் சொல்வதில்லை. பழைய வரியை வாய்க்குள் சொல்லிக்கொள்கிறாள். வெள்ளிக்கிழமை கடையைச் சாத்திவிட்டுக் கேட்டுக்கு எதிரே போய் நிற்கிறாள். டீச்சருக்கு உடம்பு முடிந்தால் அவரும் வருவார். இல்லாவிட்டால் தனியாக. "போதகர் போயிட்டார், பேராயர் போயிட்டார், உனக்கென்ன வைராக்கியம்?" என்று டீக்கடைக்காரர் ஒருநாள் கேட்டார். "குண்டு போகலையே" என்றாள்.

வெல்டர் திரும்பச் சேர்ந்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமையும் அவள் நின்றாள். கைகள் வெறுமையாக, வாய் மூடியபடி. ஷிஃப்ட் விட்டது. பெயிண்டர்கள் வந்தார்கள், தகடு வெட்டுகிறவர்கள் வந்தார்கள், ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். பிறகு வெல்டர்கள். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை செயினைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து நேராக அவளைப் பார்த்துக்கொண்டே வந்து, எதிரே நின்றார்.

நிமிர்ந்து பார்க்க வேண்டியது இப்போது அவள்தான். முடியவில்லை. தலை தானாகக் குனிந்தது. கண்ணுக்கு நேராக அவருடைய முழங்கால் வந்தது, அதில் அவள் போட்ட ஒட்டு. ஒரு வாரத்துக்குள்ளேயே அதில் முட்டிபோட்ட கறை ஏறியிருந்தது. கேட் சாத்தும்வரை அவர் நின்றார். அவள் அந்த ஒட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.